மெட்டி விரல்

தேரடித் தெரு செருப்புக் கடையில் ஒரு சாயங்காலம். என் மகள் ஹாசினி எல்.கே.ஜி. சேர்ந்த வருடம். முக்காலியில் உட்கார்ந்து இடது காலை மகாராணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறாள். வலது கால் பாவாடைக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

கடைக்கார பாய் இடது காலுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூவை மாட்டினார். கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது.

"அடுத்த காலக் குடு பாப்பா."

"அது வீட்ல இருக்கு" என்றாள் ஹாசினி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அப்படியா? சரி, போயி எடுத்துட்டு வா. நான் கடையத் தொறந்தே வெக்கிறேன்" என்றார். வீடு ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் இருந்தது. அவ்வளவு தூரம் போய் வருவது கஷ்டம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். பாவாடைக்குள்ளிருந்து கால் மெதுவாக வெளியே வந்தது.

அந்தக் காலில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் பிறந்ததிலிருந்தே அவசரக்காரர்கள். இரண்டாவது விரல் பெருவிரலைத் தாண்டி நீண்டு, பருத்து, நுனியில் கொஞ்சம் மேலே வளைந்து நின்றது. மூன்றாவது அதற்குத் தம்பி. அந்த இரண்டுக்கும் இடம் கொடுத்து முன்பாதமே விசிறி மாதிரி அகன்றிருந்தது.

பாய் தாடியைச் சொறிந்தார். "ஒரு கால் ஜாஸ்தி, ஒரு கால் கம்மி. கம்பெனிக்காரன் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டு செஞ்சுட்டான். தப்பு அவன் மேலதாம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு டப்பாவை எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு எப்போதும் இரண்டு டப்பா. சின்ன ஜோடியிலிருந்து இடது, பெரிய ஜோடியிலிருந்து வலது. மிச்சமாகும் ஒற்றை ஷூக்கள் வீட்டுக்கு வந்து கட்டிலடியில் குடியேறின. பெரிய ஷூவிலும் அந்த விரல் முட்டும். நுனியில் பிளேடால் ஒரு ஜன்னல் வெட்டிவிடுவேன். விரல் அதன் வழியாக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

புடவை விஷயம்

மேலே போவதற்கு முன் ஒரு கடமை இருக்கிறது.

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டு வேனைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து கோமளா அண்ணி போன் செய்தார். என் வீட்டுக்காரர் செல்வத்தின் அக்கா. கணவர் சின்ன வயதிலேயே போய்விட, நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையுமாக நிலத்தைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவர். மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு பை மல்லாட்டையோடு பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டையும் கட்டி மேய்ப்பார்.

"அடுத்தது இன்னா எழுதப் போற?"

"ஹாசினி கால் கதைதான் அண்ணி."

"அப்ப நான் வருவேனே!"

"நீங்க இல்லாமலா?"

"எழுது, எழுது. ஆனா நல்ல புடவை கட்டியிருந்தேன்னு எழுது. போன தடவ என்னவோ நான் நைட்டியோட தெருவுல சண்ட போட்ட மாதிரி எழுதிட்ட."

அவர் நைட்டியோடுதான் தெருவில் சண்டை போட்டார். அது போகட்டும்.

காரணம் கண்டுபிடித்தவர்கள்

குழந்தை பிறந்ததும் முதலில் எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள். அது செல்வத்தின் மூக்கு என்று சண்டையில்லாமல் முடிவானது. பிறகு துணி விலகி, கால் தெரிந்தது.

அப்புறம் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேனாம். மாசமாக இருந்தபோது பூசணிக்கொடியைத் தாண்டினேனாம். பக்கத்து வீட்டம்மா ஒருவர், நான் ஓயாமல் கம்ப்யூட்டரில் டைப் அடித்ததால்தான் விரல் நீண்டுவிட்டது என்றார். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. கை விரல் அடித்ததற்குக் கால் விரல் ஏன் நீள வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மாள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இன்னொரு கட்சியும் இருந்தது. அவர்களுக்கு அது யோகக் கால். பெரிய கோவிலில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தை பயந்துபோய் வீறிட்டது. எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களுக்குக் குறைவில்லை. கோவில், மடம், கிரிவலப் பாதை, எங்கே போனாலும் கால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஹாசினி நீளப் பாவாடை கேட்டு அடம்பிடிக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

டாக்டர் என் காலைப் பார்த்தார்

வேன் வாங்குவதற்கு முன்னால், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு டாக்டரம்மா குழந்தையின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க செருப்பக் கழட்டுங்க."

"நானா?"

"உங்க கால்தாம்மா பாக்கணும்."

வேலூர் பஸ்ஸில் வந்த புழுதி, குதிகால் பித்தவெடிப்பு, பாதி உரிந்த நகப் பாலிஷ் எல்லாவற்றோடும் என் பாதம் மேஜை விளக்கின் கீழே போய் நின்றது. செல்வம் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். வயிற்றில் வளரும்போதே அந்த விரல்களுக்கு மட்டும் வளர்ச்சி கட்டுப்பாடில்லாமல் போய்விட்டது. பரம்பரை வியாதி இல்லை. அம்மா செய்த எதனாலும் வருவதில்லை. பெண் குழந்தை வளர்ந்தால் கால் கிட்டத்தட்ட அம்மா அளவுக்கு வரும். ஆகவே அந்த விரல் அம்மாவின் விரல் அளவை எட்டும்வரை பார்ப்போம். எட்டியதும், எலும்பு வளர்கிற இடத்தை ஒரு ஆபரேஷனில் அடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடும்.

"அம்மா செய்த எதனாலும் வருவதில்லை" என்ற வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் டைப் அடித்து எங்கள் தெரு முழுக்க விநியோகிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரணி வரும்வரை அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை.

அதற்குப் பிறகு என் இரண்டாவது விரல் வீட்டில் முக்கியப் புள்ளியாகிவிட்டது. குளித்துவிட்டு வந்து ஈரக்காலோடு இருவரும் சிமெண்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். தடம் காய்வதற்குள் ஹாசினி குப்புறப் படுத்து அளப்பாள்.

"இன்னும் நீதாம்மா பெருசு" என்பாள். அவள் குரலில் ஏமாற்றம் இருக்கும். அவளைப் பொறுத்தவரை அது ஓட்டப்பந்தயம். எனக்கோ, ஒவ்வொரு முறையும் போன உயிர் திரும்பி வரும்.

மெட்டி சரியாகப் போய் உட்கார்ந்தது

அவள் ஒன்றாம் வகுப்பு போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு முன்னால் வெள்ளிச் சாமான்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். என் மெட்டிகளும் கறுத்திருந்தன. கழற்றி, பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் துணியில் வைத்திருந்தேன். ஹாசினி ஒன்றை எடுத்துத் தன் வலது காலில் மாட்டிக்கொண்டாள்.

அது வழுக்கவில்லை, இறுக்கவுமில்லை. அவளுக்கென்று வாங்கியது போல அந்த இரண்டாவது விரலில் போய் உட்கார்ந்தது.

"நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினாள்.

ஒன்றாம் வகுப்பிலேயே அந்த விரல் என் அளவை எட்டிவிட்டது. கையெல்லாம் பேஸ்ட் நுரை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மல்லாட்டைப் பையோடு அண்ணி.

"ஐயையோ! என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கான், நீ எதுக்குடி மெட்டியக் கழட்டி வெச்சிருக்க? கல்யாணம் ஆகாத புள்ள கால்ல அது இன்னாத்துக்கு?"

குத்துக்கல் உள்ளறையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டது.

"காதுலயா போடுவ?"

மறுபடியும் வேலூர். இந்த முறை டாக்டரம்மாவின் முகம் மாறியிருந்தது. மூன்றாவது விரலின் வளர்ச்சியை நிறுத்திவிடலாம். ஆனால் இரண்டாவது, நினைத்ததைவிட வேகமாகப் போகிறது. அதை மட்டும் நிறுத்தினால் பாதத்தின் அகலம் குறையாது, ஷூ சேராது, நடை கெடும். அந்த விரலையும் அதன் பின்னால் இருக்கும் எலும்பையும் எடுத்துவிட்டால் பாதம் ஒடுங்கும்.

"ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. பக்கத்து விரலெல்லாம் கோணிக்கும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் அண்ணி நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம்.

"எந்த வெரலு?"

"ரெண்டாவது."

"மெட்டி போடுற வெரலா?"

"ஆமா அண்ணி."

"அத எடுத்துட்டா நாளைக்கு மெட்டிய எங்க போடுவ? காதுலயா போடுவ?"

ஹாசினிக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அண்ணி மனதில் மாப்பிள்ளையாக வைத்திருந்தது தன் சொந்த மகனை. அந்த மாப்பிள்ளை மூன்றாம் வகுப்பு. சட்டைப் பட்டனை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு சுற்றுவான். இந்தக் கல்யாணத்துக்காக என் மகள் நொண்ட வேண்டுமாம்.

நான் சிரித்தேன். பிறகு கோபப்பட்டேன். பிறகு கெஞ்சினேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து அண்ணி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பெண் பிள்ளை ஆயிற்றே, அந்த விரலைப் போய் எடுக்கலாமா, வேறு எந்த விரலாவது எடுக்கக் கூடாதா என்று ஒரு சித்தப்பா கேட்டார். நல்லா இருக்கிற விரலையா என்று கேட்டேன். சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

செல்வம் நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது நியாயமாகப்படும், அவ்வளவுதான். ராத்திரி நான் பேசுவேன், தலையாட்டுவார். காலையில் அக்கா பேசுவார், தலையாட்டுவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி வந்தது, போனது. அந்த வாரம் முழுக்கக் கடையில் ஊரார் குறைகளை எல்லாம் ஐயா அவர்களுக்கு என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் குறையை எந்த ஐயாவுக்கு அனுப்புவதென்றுதான் தெரியவில்லை.

அண்ணியிடம் ஒரு திட்டம் இருந்தது. பௌர்ணமிக்குக் குழந்தையோடு கிரிவலம் போவது. அண்ணாமலையார் பார்த்து விரலைச் சுருக்கிவிடுவார்.

செங்கம் ரோட்டில்

கூட்டம் சேருவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். அண்ணி, ஹாசினி, நான். நான் பக்தியில் போகவில்லை, வீம்பில் போனேன். அண்ணி ஒவ்வொரு லிங்கத்திலும் விபூதி வாங்கி அந்த விரலில் பூசிக்கொண்டே வந்தார். அக்னி லிங்கம் தாண்டும்போது விரல் தனியாகச் சாமியார் ஆகியிருந்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் வந்தபோது எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறுங்காலோடு போனாள். ஹாசினி நின்று அவள் பாதத்தையே பார்த்தாள்.

"பாவம்மா. அவங்களுக்கும் அளவுக்கு ஷூ கிடைக்கலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தவள் நடைபாதைக் கல்லில் இடித்துக்கொண்டாள். எதில் இடித்தாலும் முதலில் போய் நிற்பது அந்த விரல்தானே. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். ஹாசினி அழவில்லை. அண்ணி கீழே உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்து முந்தானையால் ஒற்றினார்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"இது தினமும் வலிக்கும் அத்த. ஸ்கூல்ல பிரேயர்ல நிக்கும்போது நெறைய வலிக்கும்."

"உங்கம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"அம்மா அழுவாங்க."

நான் டீக்கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கப் போனவள், தம்ளரோடு அங்கேயே நின்றேன். திரும்பினால் அவள் சொன்னது உண்மையாகிவிடும்.

"அத்த, எனக்கு மெட்டி வேணாம்" என்றாள் ஹாசினி. "ஜன்னல் வெக்காத ஷூ வேணும்."

அண்ணி முந்தானையை எடுத்துவிட்டு அந்தக் காலையே பார்த்தார். பிறகு தன் காலை முன்னால் நீட்டினார். வயல் சேறு கண்ட, காய்த்துப்போன பாதம். இரண்டாவது விரல் நீளமாக, நேராக இருந்தது.

"எனக்கு வெரலு இருக்குதே. மெட்டி எங்க இருக்கு?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "கருமாதி அன்னிக்கு நாலு பொம்பளைங்க புடிச்சுக் கழட்டிட்டாளுங்க. நானும் இத்தினி வருசமா இந்தக் காலாலதான் நடந்துக்கினு இருக்கேன்."

தம்ளரில் இருந்த தண்ணீரைக் காயத்தில் ஊற்றினேன். ஹாசினி இப்போதுதான் லேசாக முனகினாள்.

"தம்பிக்குப் போன் போடு. வேன எடுத்துக்கினு வரச் சொல்லு" என்றார் அண்ணி. "நாளைக்கே வேலூர் போங்க."

"கிரிவலம் அண்ணி? பாதியில விடக் கூடாதுன்னு சொல்வீங்களே?"

அண்ணி மலையை நிமிர்ந்து பார்த்தார். "மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.

ஒரே டப்பா

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஹாசினி டாக்டரம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். எடுத்த விரலைக் கொடுத்தால் கட்டிலடியில் இருக்கும் மிச்ச ஷூ ஒன்றில் வைத்துக்கொள்ளலாமா? டாக்டரம்மா கொஞ்சமும் சிரிக்காமல், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அண்ணியும் கூடவே வந்தார். உள்ளே கொண்டு போனதிலிருந்து வெளியே வரும்வரை அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. எனக்கு மட்டும் இட்லியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். பிறகு மாவுக்கட்டு, தையல் பிரிப்பது, வீக்கம், நடைப் பயிற்சி என்று அது ஒரு பெரிய கதை. ஹாசினி சுவரைப் பிடித்து நடந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் சுவரைப் பிடித்தே நடந்தோம், அது அவள் போட்ட சட்டம். கால் முழுக்கச் சமமாகிவிடவில்லை. இன்றைக்கும் வலது பாதம் கொஞ்சம் அகலம், வளர்ச்சி நிற்கும்வரை வேலூர் போய்க் காட்டி வர வேண்டும்.

அடுத்த வருடம் பள்ளி திறக்கும்போது அதே கடை, அதே முக்காலி. பாய் பழக்கதோஷத்தில் இரண்டு டப்பாவோடு வந்தார். ஹாசினி இரண்டு காலையும் சேர்த்து நீட்டினாள்.

"ரெண்டும் கொண்டாந்துட்டியா இன்னிக்கு?" என்றார் பாய்.

ஒரு டப்பாவைத் திறந்தார். வலது ஷூ உள்ளே போனது. இடது நுனியில் கொஞ்சம் பஞ்சு வைத்தார், அதுவும் நின்றது. இன்னொரு டப்பாவைத் திறக்காமலே பரணில் ஏற்றினார். நான் கடைக்கு வெளியே போய்த் தேரைப் பார்ப்பது போல நின்றேன். எவ்வளவு நேரம்தான் தேரையே பார்ப்பது? கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அங்கிருந்து, கூட வந்திருந்த அண்ணியோடு, நேராகக் கோவிலுக்கு. ராஜகோபுரத்தின் முன்னால் செருப்பு விடும் இடத்தில் ஹாசினி நின்றுவிட்டாள்.

"நான் கழட்ட மாட்டேன்."

"ஏய், கோவிலுடி."

"மலையும் சாமிதானே? இங்கேருந்தே தெரியுது. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்குறேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். மெட்டியைத் துலக்கக் கழற்றினதற்கே ஊரைக் கூட்டியவர். அண்ணி என்னைப் பார்க்காமல், "நீ உள்ள போயிட்டு வா. நாங்க இங்கயே இருக்கோம்" என்று சொல்லி, கோபுரத்துக்கு வெளியே தரையில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் நாலடி போயிருப்பேன். பூக்கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று, "கால்ல செருப்போட சாமி கும்பிடுது பாரு, பெத்தவங்க சொல்லித் தர்றதில்லையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"அது செருப்பு இல்ல, ஷூ" என்றார் அண்ணி. "புதுசு. சாமியும் பாக்கட்டும். நீ உன் வேலையப் பாத்துக்கினு போ."

திரும்பிப் பார்த்தேன். ஹாசினி மலையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே அளவாக முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் புழுதியில் சம்மணம் போட்டு அண்ணி.

நல்ல புடவைதான் கட்டியிருந்தார். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை.